வெந்நீருக்குப் பயப்படுதல்

கானாடுகாத்தானில் அந்தப் பெரிய வீடு
ஓட்டலாகி ஆறு வருடம்.
ஐந்து வருடமாக வரவேற்பு மேசையில் நான்.
வள்ளிக்கண்ணு என்றால் விருந்தாளிகளுக்கு நாக்கு சுளுக்குமாம்.
பெயர்ப்பட்டையில் வள்ளி மட்டும் அடித்துத் தந்தார்கள்.
அவர்கள் வாயில் அது வேலி ஆனது.
குட் மார்னிங், வேலி.
வேலி சிரித்தது.

சென்னையிலிருந்து ரோஷ்னி மேடம் வந்து
இரண்டு நாள் பாடம் எடுத்தார்.
இல்லை என்று தொடங்கக் கூடாது,
ஐ ஆம் அஃப்ரெய்ட் என்று தொடங்க வேண்டும்.
ஐ ஆம் அஃப்ரெய்ட், ஆத்தங்குடிக்கு இன்று வண்டி இல்லை.
ஐ ஆம் அஃப்ரெய்ட், வெந்நீர் வரவில்லை.
நோட்டில் அர்த்தம் எழுதிக்கொண்டேன்:
எனக்குப் பயமாயிருக்கிறது, வெந்நீர் வரவில்லை.
எழுதியதும் சிரிப்பு வந்துவிட்டது.
வெந்நீர் வராததற்கு எதற்கு மேடம் பயம்?
அது பயமில்லை, மரியாதை என்றார்.

வுட் யூ மைண்ட் என்று கேட்டால்
யெஸ் என்பது மாட்டேன்,
நோ என்பதுதான் சரி.
இது தெரியாத முதல் வாரத்தில்
பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கேட்ட வெள்ளைக்காரரிடம்
யெஸ் யெஸ் என்று தலையாட்டினேன்.
பாவம் மனிதர்,
பெட்டியும் கையுமாகவே ஊரைச் சுற்றிவிட்டு வந்தார்.

லீட்ஸ் நகரத்து அம்மாள் ஒருவர்
நாற்காலியில் முட்டி இடித்துக்கொண்டு
நாற்காலியிடம் சாரி சொன்னார்.
இட்லி வைத்தால் ஒரு தேங்க் யூ,
சட்னிக்குத் தனி.
தொற்றிக்கொண்டது எனக்கும்.
மோட்டார் போட்ட வீட்டுக்காரரிடம்
நன்றிங்க என்றேன் ஒரு நாள்.
என்னடி கோவம் என்றார்.

எங்கள் மேலாளர் சாத்தப்பன் சார்
மரியாதைக்குப் பேர் போனவர்.
அத்தை வீட்டு விசேஷத்தில்
வாசலில் நின்றவர்கள் தன்னை மட்டும் 'வாங்க' கேட்காமல் விட்டதற்கு
மூன்று வருடம் அந்தப் படியை மிதிக்கவில்லை.
ஒரு வார்த்தைதானே சார் என்றேன்.
வேற என்ன தாயி இருக்கு மனுசனுக்கு என்றார்.

போன வியாழன்.
ஐப்பசி மழை, ஒன்பது அறை காலி.
உள்ளே கூப்பிட்டார்.
வெளக்கை அணைச்சியா, சாவியை எங்க வச்சே என்று
எப்போதும் பேசுகிற மனிதர்
உட்காரச் சொல்லிவிட்டு இங்கிலீஷுக்கு மாறினார்.
ஐ ஆம் அஃப்ரெய்ட், வள்ளி,
வீ ஹேவ் டு லெட் யூ கோ.
பேனா மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.
அப்போதுதான் பார்த்தேன்,
ரோஷ்னி மேடம் சொன்னது தப்பு.
அவருக்கு நிஜமாகவே பயம்.

லெட் யூ கோ.
போக விடுகிறார்களாம்.
ஏதோ நான் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது போல.
வேலி எங்கே போகும்?
தமிழில் அதற்கு ஒரு சொல் இருந்தது,
எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்,
அதை அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு
பழக்கத்தில் வர்றேன் சார் என்றேன்.
பழக்கத்தில் அவரும்
வாங்க என்றார்.
ஐந்து வருடத்தில் முதல் முறையாக
ங்க போட்டு.
சொன்ன பிறகு இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.
மேசையடியில் ஒரு பூக்கல் விரிசல் விட்டிருந்தது.
மாற்றச் சொல்லணும் என்று வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.

பெண்களுக்கான இலவச பஸ் போய்விட்டது.
மினி பஸ்ஸில் நெருக்கல்.
உள்ள போம்மா, உள்ள போ,
படியில நின்னு என்ன பண்ணப் போறே
என்று முதுகில் விழுந்த குரலுக்கு
எப்படியோ ஓர் ஆள் நிற்க இடம் கிடைத்தது.
இருபது ரூபாய் நீட்டினேன்.
டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்து
மீதிக்குச் சில்லறை இல்லை என்றார் கண்டக்டர்,
கொஞ்சமும் பயப்படாமல்.