முப்பத்தொன்பது அச்சுகள்

பத்தொன்பது வருஷம்
எங்கள் கம்பெனியின் பெயரை
நான் தலைகீழாகத்தான் படித்தேன்.
அச்சுக்குள் எழுத்துகள்
கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும்.
உருகிய அலுமினியம் பாய்ந்து, உறைந்து,
வெளியே விழும்போது நேராகிவிடும்.

வைப்பர் மோட்டாரின் கூடு அது.
பெயர் உள்பக்கம் இருக்கும்.
கார் வாங்கியவர் யாரும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவில் பிரிந்தோம்.
தீர்ப்பாயத்தின் உத்தரவு நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
முதல் அட்டவணை, எங்களுக்கு வருபவை:
டை-காஸ்டிங் மெஷின் ஒன்பது,
பிரஸ் பதினான்கு,
ஃபோர்க்லிஃப்ட் மூன்று (ஒன்று ஓடாது),
ஊழியர் அறுநூற்று இருபது.
இதே வரிசையில்தான்.
இரண்டாவது அட்டவணை, அவர்களிடம் தங்குபவை:
பெயர்,
கேண்டீன்,
போர்வெல்.

டிரான்ஸ்ஃபார்மர் எங்கள் பக்கம் விழுந்தது.
தண்ணீருக்கு அவர்கள் பில் போட,
கரண்ட்டுக்கு நாங்கள் பில் போட,
அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரே காம்பவுண்டுக்குள்
புதுச் சுவர் ஒன்று எழுந்தது.
இந்தப் பக்கம் ஒரு காண்ட்ராக்டர் வெள்ளையடித்தான்,
அந்தப் பக்கம் இன்னொருவன்.
நடுவில் ஒரு சின்னக் கதவு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்.
சாம்பார் சாதத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து
ரசீது நீட்டினார் கேண்டீன் எபினேசர்:
"நேத்து வரைக்கும் இது சோறு தம்பி.
இன்னைலேர்ந்து சேவை."

பங்குதாரர்களுக்கு
நாலு பங்குக்கு ஒரு புதுப் பங்கு.
எங்களுக்குப் பணித் தொடர்ச்சிக் கடிதமும்
கழுத்தில் மாட்ட ஒரு புது நாடாவும்.
மும்பையிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயரில் ஆறு எழுத்து.
எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் கிடையாதாம்,
அதனால் எங்கும் வழக்கு வராதாம்.
"இருமல் மருந்து மாதிரி இருக்கு," என்றாள்
தர ஆய்வு ஷகிலா பானு.

என் வேலை பழைய பெயரை மூடுவது.
ஒவ்வொரு எழுத்தின் குழியிலும் வெல்டு வைத்து நிரப்பி,
அரைத்து, வைரப் பசை போட்டுத் தேய்த்து,
விரல் நுனியை ஓட்டிப் பார்ப்பேன்.
பிறகு ஆறு எழுத்து, தலைகீழாக.
முப்பத்தொன்பது அச்சு, பதினோரு வாரம்.
இந்தப் பெயர் இன்னும் நேராகவும் எனக்குப் பழகவில்லை.

ஜூலையில் கோதண்டபாணி சார் வந்தார்.
முன்பெல்லாம் நேராக ஷாப் ஃப்ளோருக்குள் நுழைந்து
"நம்ம ரிஜெக்‌ஷன் எத்தனப்பா?" என்று கேட்பவர்,
கேட்டில் நின்று ரிஜிஸ்டரில் கையெழுத்திட்டு,
விசிட்டர் பேட்ஜைத் தானே குத்திக்கொண்டு வந்தார்.
"உங்க ரிஜெக்‌ஷன் எத்தன?"
என் கண்ணைப் பார்க்காமல் கேட்டார்.
அதே வாரம்,
எந்தக் கம்பெனி ஆட்கள் கேட் பக்கம் வந்தாலே
செல்போனை வாங்கி வைப்போமோ,
அவர்களே ஒரகடத்திலிருந்து டிராயிங்கோடு வந்தார்கள்.
ஏசி ரூமில் பில்டர் காபி.
எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

ஐப்பசி மழையில்
வாரண்டியில் திரும்பி வந்தது ஒரு கூடு.
அச்சு எண் பதினேழு. பழைய பெயர்.
தேதி முத்திரை மார்ச் முப்பத்தொன்று, இரவு ஷிஃப்ட்.
ஓரத்தில் காற்றுக்குமிழி வெடித்து, மயிரிழை விரிசல்.
யார் கணக்கு?
ஹெட் ஆபீஸில் உத்தரவைப் புரட்டினார்கள்.
மூன்றாம் அட்டவணை, எட்டாம் பத்தி:
பெயர் அவர்களுக்கு.
பிழை எங்களுக்கு.

பதினேழாம் அச்சில் அன்று வார்த்த கூடு ஒன்றை
எடுத்துவந்தாள் ஷகிலா.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
புதுப் பெயருக்குப் பின்னால்
பழைய பெயரின் முதல் எழுத்து,
தடவினால் இல்லை, பார்த்தால் இருக்கிறது.
வெல்டு வைத்த இடம் வேறு மாதிரி குளிரும்,
அவ்வளவுதான்.
அளந்தோம்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு மில்லிமீட்டர்.
டிராயிங் அனுமதிக்கும் அளவுக்குள்.
"பாஸ் போடட்டுமா அண்ணே?"

வெளியே போர்வெல் மோட்டார் ஓடும் சத்தம்,
சுவருக்கு அந்தப் பக்கம்.

போடு, என்றேன்.