பி-12 அலமாரிக் கதவின் உட்புறம்

உன் பெயர் எனக்குத் தெரியாது.
நீ தமிழ் படிக்காதவளாகவும் இருக்கலாம்.
அப்படியானால் இது கதவில் கிறுக்கிய ஒரு கோலம்,
அவ்வளவுதான்.

ஜூன் மாதம் வருவாய்.
ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததென்று துள்ளுவாய்.
மழையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும்.
கட்டிலை இரண்டு சாண் தள்ளிப் போடு.
தரையில் ஒரு கீறல் இருக்கிறதே,
நான் இழுத்தது.

விளம்பரத் தாளில் பார்த்த கட்டடம் பொய்யில்லை.
படமெடுத்தவர் கொஞ்சம் திரும்பி நின்றிருந்தால்
செம்பனை விழுந்திருக்கும்,
எங்கள் ஜோகூர்பாரு அடுக்குமாடியின் கீழே
கார்கள் நிற்பதுபோல் வரிசை வரிசையாய்,
ஆனால் காலையில் ஒன்றும் கிளம்பிப் போகாமல்.

பேருந்து உன்னை முச்சந்தியில் இறக்கிவிடும்.
வழி கேட்டால் லோரிக்காரர் "ஆலைக்கா?" என்பார்.
ஆலையைத் தாண்டித்தான் கல்லூரி.

அம்மாவுக்கு லீவு இல்லை, தனியாகத்தான் வந்தேன்.
மற்றவர்களின் அப்பாக்கள் மெத்தை சுமந்து ஏற,
நான் பெட்டியைப் படிப்படியாய் எண்ணி ஏற்றினேன்.
ஐம்பத்து நான்கு.
உனக்கும் யாரும் வரவில்லையென்றால்
இருபத்தேழில் ஒரு திருப்பம் உண்டு,
நின்று மூச்சு வாங்கலாம்.
யாரும் பார்க்கமாட்டார்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு வாடை எழும்,
புளித்த கஞ்சியும் தீய்ந்த எண்ணெயும் கலந்து.
யாரோ வாந்தியெடுத்துவிட்டாள் என்று
முதல் வாரம் குளியலறையைக் கழுவினேன்.
மூன்றாம் வாரம் "வாடை நின்னுடுச்சும்மா" என்றேன்.
நிற்கவில்லை.
எனக்கு முன்பே என் மூக்கு
இந்த ஊரில் பதிந்துகொண்டுவிட்டது.

பலசரக்குக் கடையில் கேட்பார்,
"எந்தத் தோட்டம்மா நீ?"
பதினாலாவது மாடி என்றேன்.
அவருடைய கடன் நோட்டில்
இன்றுவரை அதுதான் என் பெயர்.

அம்மா நாலு நாற்பதுக்கு அழைப்பாள்,
சிங்கப்பூர்ப் பாலத்தில் பேருந்து நகராத நேரம்.
பேச ஒன்றும் இருக்காது.
அந்தப் பக்கம் ஹார்ன், இந்தப் பக்கம் ஆலைச் சங்கு.
அந்த இரைச்சலின் நடுவே ஒருநாள் சொன்னேன்,
கணக்கில் முப்பத்தொன்று.
"பஸ் நகருது" என்று வைத்துவிட்டாள்.
மறுநாள் அதே நேரம்,
"முப்பத்தொண்ணுக்கு மேல எத்தனை வேணும்?"
ஒன்பது என்றேன்.
"ஒன்பதுதானே" என்றாள்.
அன்று நான் மீண்டும் தூங்கவில்லை.

இப்போது பூட்டு.
நல்ல பூட்டாக வாங்கு, யாரையும் நம்பாதே,
சீனியர் அக்கா குரல்பதிவில் சொன்னதால்
ஆ செங் கடையில் ஐந்து தொண்ணூறுக்கு வாங்கினேன்.
ஒரு விடியலில் ஹிதாயா தூக்கக் கலக்கத்தில்
தன் சாவியைப் போட்டு
என் அலமாரியைத் திறந்துவிட்டாள்.
கையில் என் சட்டை. இருவரும் கத்தினோம்.
பிறகு அவள் சாவியை மெலிண்டாவின் கதவில் போட்டுப் பார்த்தோம்.
எதிர் அறை தர்ஷிலாவின் கதவில்.
மாடி முழுக்க.
பதினோரு பூட்டு, ஒரே சாவி.
இந்த ஊரில் ஒரே இரும்புக் கடை,
அந்தக் கடையில் ஒரே பெட்டி.

புகார் எழுதத்தான் உட்கார்ந்தோம்.
யாருடைய அலமாரியிலிருந்தோ முறுக்கு வந்தது,
கிளாந்தான் கெரோப்போக் வந்தது,
மெலிண்டா மறைத்து வைத்திருந்த
சரவாக் அடுக்குக் கேக்கும் வந்தது.
தாளில் தேதி மட்டும் எழுதியிருந்தோம்.

அதற்குப் பிறகு எதுவும் தொலையவில்லை
என்று முடிக்க ஆசைதான்.
என் நீலக் குடை போனது போனதுதான்.
உன் கண்ணில் பட்டால், கைப்பிடியில் பல் தடம் இருக்கும்.

சாவியை மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.
புதுப் பூட்டு வாங்காதே.
வாங்கினாலும்
ஆ செங் கடையில்தானே வாங்குவாய்.