தகடு எழுநூற்றுப் பதினான்கு

ஆல்கஹால், பஞ்சு, ஒரு சவர பிளேடு.
கண்ணாடித் தகட்டின் மறுபக்கத்தில்
யார் யாரோ இட்டுப்போன மசியைச்
சுரண்டி எடுப்பது என் வேலை.
நூறாண்டு கடந்த மசி
மீன்செதில் போலப் பெயர்ந்து வரும்.

இங்கே எல்லாம் தலைகீழ்.
இரவு வெளுத்துக் கிடக்கும்,
விண்மீன்கள் கறுத்திருக்கும்,
கைதவறிக் கொட்டிய மிளகுத்தூளாய்.
அதனால்தான் எந்திரத்துக்குக் குழப்பம்:
கறுப்பெல்லாம் அதற்கு விண்மீன்.
அம்புக்குறி, அடித்துத் திருத்திய எண்,
சலிப்பில் யாரோ பேனாவை உதறிய துளி
எதையும் விடாமல் எண்ணும்.
முதலில் படமெடு, பிறகு துடை என்பது உத்தரவு.
நாளொன்றுக்கு நாற்பது தகடு.

துடைத்தேன், மூன்று மாதம்.
குற்றவுணர்வு ஏதுமில்லை, சொல்லிவிடுகிறேன்.
ஹெல்சின்கித் துறைமுகம் உறைந்திருந்தது.
பனியுடைக்கும் கப்பல் ஒன்று
பல்லைக் கடித்தபடி போய்வந்தது.

எழுநூற்றுப் பதினான்கில் கை நின்றது.
பிப்ரவரி 1908.
மெலிந்த புள்ளி ஒன்றைச் சுற்றிக்
கடுகளவு வட்டம்.
பக்கத்தில் கேள்விக்குறி.
அதன் காலடியில் வைக்கவேண்டிய புள்ளியை
வைக்காமல் விட்டிருந்தாள்.
இந்தத் தகட்டில் இன்னொரு புள்ளி எதற்கு
என்று நினைத்திருப்பாள்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
சைமி ஹேர்மேலே. அளவெடுப்பவள்.
மணிக்கு முப்பத்தைந்து பென்னி.
எங்கள் எழுத்தில் அவள் குடும்பப்பெயருக்கு
மூன்று இடத்தில் தலையில் இரட்டைப் புள்ளி.
எந்திரத்திடம் கொடுத்தால்
ஆறு விண்மீன் என்று முடித்துவிடும்.
முந்தின ஆண்டு மார்ச்சில்தான்
இந்நாட்டுப் பெண்கள் முதன்முதலாய் வாக்களித்தார்கள்;
இருபத்து நான்கு நிரம்பியிருந்தால் அவளும்.
அந்தக் கையோடு இங்கே வந்து
கம்பிவலையின் கட்டங்களுக்குள்
குறுக்கும் நெடுக்கும் வானத்தை அளந்திருக்கிறாள்,
கையுறையின் நுனியை வெட்டிவிட்டு.

நான் எதற்கு ஆசைப்பட்டேன் தெரியுமா?
ஒரு சிறுகோளுக்கு.
பல ஆண்டு கழித்து எவனோ கண்டெடுத்துத்
தன் மைத்துனியின் பெயரை வைத்த ஒன்று.
அவளுக்குச் சேரவேண்டியதை
நான் வாதாடி வாங்கித் தருவேன்.
நாளிதழில் அவள் படம்.
ஓரத்தில் பிளேடும் கையுமாய் நானும்.

நான்கு பக்கம் தள்ளி, அதே சாய்வெழுத்து:
“714. மறுநாள் தகட்டில் இல்லை.
மூன்றாம் நாளும் இல்லை.
பூச்சில் ஒட்டிய தூசி.”
அவ்வளவுதான்.
அடுத்த வரியில் அடுத்த தகடு.

தூசிக்கா ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தேன்?
கொஞ்சம் கோபமாகவே சுரண்டினேன்.
வட்டம் தூளாய் உதிர்ந்தது.
கேள்விக்குறி மட்டும் உடையாமல்
தூண்டில் முள்போல
பிளேடின் விளிம்பில் தொங்கி வந்தது.
பஞ்சில் துடைத்துக் கூடையில் போட்டேன்.

மாலையில் எந்திரம் கணக்கை ஒப்பித்தது:
விண்மீன்கள் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
கடைசிக்குச் சற்று மேலே,
“மங்கலானது, உறுதியானது” என்ற குறிப்போடு
அந்தத் தூசி.

மேலாளர் ஓர்வோவிடம் காட்டினேன்.
காப்பியை ஊதிக்கொண்டே பார்த்தார்.
“பிழை எல்லைக்குள்தானே இருக்கிறது?”
அவர் சொன்னது சரி.
வானத்தில் ஒரு தூசி கூடினால்
யார் வீட்டு விளக்கு அணையப்போகிறது.
ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.
இல்லாத ஒன்று
இன்ன இடத்தில், இன்ன ஒளியில்,
என் கைப்பட இருக்கிறது.

காலையில் எழுதுபொருள் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டேன்:
கறுப்பு மசி, சின்னப் புட்டி, ஒன்று.
மெல்லிய முனைப் பேனா, ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
எழுத ஒன்றும் தோன்றவில்லை.
ஒரு வளைவு இழுத்தேன்.
கீழே புள்ளி வைக்கவில்லை.