தண்ணீர்க் கணக்கு

ஏழாம் நாள் கிருமி ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது என்றார்
டாக்டர் மெஹர்பானு,
ஸ்டான்லியில், லிஃப்ட் பக்கம் நின்றபடி,
கையில் பாதி கடித்த சமோசா.
"இப்ப அடிக்கிறது அவரோட ஆளுங்கதான்."

அப்படியென்றால்? என்றேன்.
சமோசாவைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுவிட்டுச் சொன்னார்.

முதலில் மூச்சுக்குழல் ஓரத்தில் ஒரு செல்.
சாகிற நேரத்தில் சுவரைத் தட்டிவிட்டுச் சாகிறது.
அக்கம்பக்கம் தாழ்ப்பாள் போடுகிறது.
காய்ச்சல் என்பது அந்தத் தட்டல்தான்,
உடம்பு முழுக்கக் கேட்கிற மாதிரி.
பிறகு வெள்ளை அணுக்கள் வருகின்றன,
மணி அடித்ததும் பித்தானைப் போட்டபடியே ஓடும்
எங்களைப் போல.
(நான் தண்டையார்பேட்டை நிலையத்தில்
பிராஞ்ச் பிடிக்கிறவன்.)
அதில் ஒரு வகை
வலை வீசுமாம். காசிமேட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.
தனக்குள் சுருட்டி வைத்த நூலையே அவிழ்த்து வீசி
வீசிய கையோடு செத்துப்போகும்.
வலையில் கிருமியும் சிக்கும்
நுரையீரலும் சிக்கும்.

வருகிறவர்களுக்கு வழிவிட
ரத்தக் குழாய்கள் இடுக்கைத் திறக்கின்றன.
ஆள் போகிற வழியில் நீரும் போகிறது.
காற்று குடியிருந்த பைகளில்
இப்போது தண்ணீர்.

"வால்வை மூட முடியாதா?"

"மூடிப் பார்த்திருக்காங்க.
சில பேருக்கு நெருப்பு திரும்பப் பத்திக்கிச்சு.
ஆக்சிஜன் குடுத்துட்டு, குப்புறப் படுக்கவச்சுட்டுக்
காத்திருக்கோம்."

தம்பி பெயர் தேவசித்தம். முப்பத்தொன்று வயது.
வியாசர்பாடி மைதானத்தில் இடது ஓரத்தில் ஓடுகிறவன்.
பந்து வருவதற்கு முன்பே போய் நிற்பான்,
ஆஃப்சைடு விசில் அவனுக்குத் தாலாட்டு.
அவன் ரத்தமும் அப்படித்தான் போலிருக்கிறது.

பார்வை நேரம் முடிந்ததும்
கால் தானாக மண்ணடிக்கு நடந்தது.

எட்டு வருடத்துக்கு முன்
அங்கே ஒரு காகித கோடவுன்.
நாலு வண்டி, விடிய விடிய.
காலையில் முழங்கால் அளவு கூழில் நின்று
மரைக்காயர் சொன்னார்:
"நெருப்பு ரெண்டு வரிசை தின்னுச்சு.
மிச்சம் பதினாறும் நீங்க."
நன்றி கெட்ட மனுஷன் என்று
நிலையத்தில் ஒரு வாரம் பேசினோம்.
நான் எட்டு வருடம் பேசினேன்.

இப்போது அதே சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.
என்னைத் தெரியவில்லை.
ஒரு பக்கம் ரெண்டு ரூபாய் என்றார்.

யாரென்று சொன்னேன்.
மெஷின் மூடியைச் சாத்தினார். அதன் பச்சை வெளிச்சம்
தாடியில் இருந்து போனது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்.
எப்ப நிறுத்தினீங்க?"

"நாலரைக்கு."

"எப்ப அணைஞ்சது?"

அறிக்கையில் நான் எழுதாததைச் சொன்னேன்:
"தெரியல பாய். புகை இருந்துச்சு.
புகை இருக்கிற வரைக்கும் தெரியாது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.
எந்த வார்டு என்று கேட்டார்.
அவனுடைய ஆதார் நகல் நாலு எடுத்துக் கொடுத்தார்,
ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம்.
எட்டு ரூபாயை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
குப்புறக் கிடக்கிறான்,
புல் தரையில் ஃபவுல் வாங்கி விழுந்தவன்போல.
எண் எண்பத்தெட்டு.
கொஞ்ச நேரம் தொண்ணூறு. திரும்ப எண்பத்தெட்டு.

போர்வைக்கு வெளியே ஒரு குதிகால்.
பூட்ஸ் உரசிய கறுப்புத் தழும்பு, பழசு.
அங்கே தோல் தடித்திருக்கிறது:
எப்போதோ அடிபட்டு,
யாரோ உள்ளே வந்து சரிசெய்து,
சரியான நேரத்தில்
கிளம்பிப் போயிருக்கிறார்கள்.