நீறு

செவ்வாய், வியாழன், சனி.
விடியுமுன்னே பெருந்துறை பஸ்.
ஜன்னலோரக் கட்டில் எனக்கு.
இடக்கை ஃபிஸ்டுலாவில் விரல் வைத்தால்
பள்ளிபாளையம் தறிப்பட்டறைச் சுவர்போல அதிர்கிறது.

"உங்க கிட்னி இல்லீங்க,
இருதயந்தான் எனக்குப் பயம்" என்றார் டாக்டர்.
சிஆர்பி இருபத்தொன்று.
உள்ளே அழற்சியாம்.
காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை,
எங்கேதான் எரிகிறது?

கொடுமுடியில் மஞ்சள் வேகவைத்த மறுநாள்
ஆறிய சாம்பல்தானே என்று மிதித்தேன் ஒருமுறை.
உள்ளங்காலில் இன்னும் தழும்பு.

அப்பா நாற்பத்தாறில் போனார்,
ஈரோட்டு மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கையில்.
"நெஞ்சு கரிக்குது, ஒரு சோடா வாங்கியா"
என்றாராம்.
அவருக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

போன வாரம் தம்பி வந்தான், தெய்வசிகாமணி.
"என்னுதுல ஒண்ணு எடுத்துக்கண்ணா."
அப்பாவின் மூக்கை, சிரிப்பை
அப்படியே வாங்கியவன்.
இன்னும் என்னென்ன வாங்கியிருக்கிறானோ,
ஆறு குழாய் ரத்தம் கேட்டார்கள்.

ரிப்போர்ட் நாளை மறுநாள்.
கேண்டீனில் எதிரே உட்கார்ந்து
வடையின் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றுகிறான்.
அவன் கழுத்தோரம் துடிப்பதை
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தைந்தில் நிறுத்திக்கொண்டேன்.