நானூற்று இருபத்தாறு

சாமல்பட்டியில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும்.
முதலில் பெட்டியை இறக்கிவிட்டு
பிறகு நான் இறங்குவேன்.
உள்ளே மஞ்சள் மீட்டர், நூறடி ரப்பர் குழாய்,
சோற்றுடப்பா.

ஸ்டேஷன் வாசலில் காற்று: நானூற்று இருபத்தாறு.
பத்து லட்சத்தில் இத்தனை பங்கு.
தேதி போட்டுக் குறித்துக்கொள்கிறேன்,
பால்கணக்கு போல.

எண்பது கோடி வருடம் முன்பு
இந்த மண்ணுக்கடியில் நெருப்பொன்று ஏறி வந்ததாம்.
வழியிலேயே ஆறி வெள்ளைக்கல்லாகிவிட்டது,
தன் மூச்சையும் கல்லாக்கி வைத்துக்கொண்டு.
ஒரு சொட்டு அமிலம் விட்டால்
இன்றைக்கும் நுரைக்கும்.
அதன்மேல் ஏறி நின்று
கருவேலங்காய் எட்டுகின்றன ஆடுகள்.

தீர்த்தகிரி கிவு ஏரியில் இருக்கிறான்.
பக்கத்தில் எரிமலை,
சில இரவுகளில் மேகத்தின் வயிறு சிவந்திருக்குமாம்.
ஏரியின் அடியாழத்தில் வாயு,
திறக்காத கோலி சோடாவில் போல
கரைந்து கிடக்கிறது.
படகிலிருந்து கயிறு விட்டு அளக்கிறான்.
இரவு பத்தரைக்கு அவன் எண்கள் வரும்,
என் எண்கள் போகும்.
காதல் கீதல் எதுவுமில்லை.
எண் வராத இரவில் மட்டும்
மின்விசிறியைப் பார்த்துக் கிடப்பேன்.

போன வாரம் கேட்டிருந்தான்:
"அங்க என்ன எரிமலையா இருக்கு,
கெணத்துக்குள்ள எதுக்கு மீட்டர்?"

மாங்கூழ் கம்பெனிக்குப் பின்னால்
மூன்று மாதம் பலகை போட்டு மூடிக் கிடந்த கிணறு.
மாதேசன் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டான்.
மோட்டார் சிக்கிக்கொண்டது, அரைமணி வேலை.
செத்த இரு என்று குழாயை விட்டேன்.

பத்தடியில் தொள்ளாயிரம்.
இருபத்தைந்தில் ஆறாயிரம்.
நாற்பதில் மீட்டர் அழ ஆரம்பித்தது.
ஐம்பதில் எண்ணே இல்லை,
நான்கு கோடுகள்.

மலை விட்ட மூச்சா,
அழுகிய மாங்கொட்டை விட்ட மூச்சா,
மீட்டருக்குத் தெரியாது.

மாதேசன் குனிந்து பார்த்தான்.
"ஒண்ணுமே இல்லியே."
ஆமாம்.
நிறமில்லை, நாற்றமில்லை,
தண்ணீர் மாதிரியே பள்ளம் தேடிப் போகும்.
படியில் வைத்த காலை
அவன் எடுக்கவில்லை.
நாள்கூலி போகிற கோபம்
கழுத்து நரம்பில் நின்றது.
பிறகு, என்னிடம் இல்லை, கிணற்றிடம் சொன்னான்:
"ஒருத்தனத் தூக்க இன்னொருத்தன் எறங்குவான்.
அவனத் தூக்க இன்னொருத்தன்."
காலை எடுத்தான்.

இரவு பத்தரை.
ஐம்பதடி: அளவுக்கு மேல், என்று அனுப்பினேன்.
ஏரி அமைதி, என்று வந்தது.

நோட்டில் இதுவரை
ஆழம், நேரம், அளவு என்று மூன்றே பத்தி.
ஸ்கேல் இல்லாமல் நான்காவது கோடு இழுத்தேன்:
இறங்காதவர்.
மாதேசன், ஒன்று.

அவன் அரைக்கூலி கேட்டிருக்கிறான்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது
என்று தெரியவில்லை.