உரைபெயர்ப்பு, ஷெப்பர்டன்

பேரிக்காய்ப் பெட்டிகளை ஓரங்கட்டிவிட்டு
குளிர்கிடங்கு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள்.
நூற்றறுபது பேர், தலைவலையைக் கழற்றாமல்.
எனக்கும் டாரி பேசுகிற ஃபர்ஸானாவுக்கும்
ஆளுக்கொரு மைக், கழுத்தில் ஓர் அட்டை,
மணிக்கு எழுபது டாலர், கம்பெனி செலவு.
அட்டையின் பின்புறம் விதி:
கூட்டாதே, குறைக்காதே, பக்கம் சாயாதே.

ட்ரெவர் மேடை ஏறவில்லை.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டி
சட்டைக் கையை மடித்துக்கொண்டு
முதல் வரிசைக்கு எதிரே வந்து நின்றார்.
அதற்குத் தமிழ் தேவைப்படவில்லை.

முதல் சொல்லிலேயே இடறினேன்.
உதட்டைக் குவித்துத் திறந்தால்
அவருக்கு முடிந்துவிட்டது.
யார் உள்ளே யார் வெளியே என்று
அந்தச் சொல்லுக்கே தெரியாது.
என்னிடமோ இரண்டு.
'நாங்கள்' என்றால்
அந்தக் கோட்டும், அதைத் தாங்கிய நாற்காலியும்.
'நாம்' என்றால்
இந்தத் தலைவலைகளும் சேர்த்தி.
அரை நொடி.
'நாம்' என்றேன்.
புரிந்ததுபோல் அவர் தலையாட்டினார்.

பிறகு அப்பாவின் கதை:
முறிந்த மணிக்கட்டோடு நட்ட முதல் பேரிக்கன்று.
அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.
நானும் தாழ்த்தினேன்.
யாரும் தாழ்த்தச் சொல்லவில்லை.

'இந்தக் கேட்டை இழுத்து மூட
நம்மில் யாருக்கு ஆசை?'
பதிலுக்கு இடம் விடாத கேள்வி.
ஆனாலும் பின்வரிசையில் ஒருவர்
கையைத் தூக்கப் பார்த்து
பாதி வழியில் காதைச் சொறிந்துகொண்டார்.

சம்பளத்தில் நான்கு சதவீதம்,
'ஏறக்குறைய ஐந்து.'
சில ஷிப்டுகள் குறையும்.

'குறையும்' என்றுதான் சொன்னேன்,
ஜூன் மாதத்துப் பகல்போல,
யார் கையும் படாமல் தானே குறைவதாக.
'குறைக்கப்படும்' என்றிருந்தால்
கையின் நிழலாவது மிஞ்சியிருக்கும்.
'குறைக்கிறோம்' என்றால் கையே தெரிந்திருக்கும்.
அவர் வாக்கியத்திலும் கை இல்லை, நியாயம்தான்.
ஆனால் அப்போது அவர்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதை
நான் பார்த்தேன்.

தேநீர் இடைவேளையில் ஃபர்ஸானா சிரித்தாள்:
'எனக்கு ஒரே சொல், மா.
யோசிக்க ஒன்றுமில்லை.'

பத்து நாள் கழித்து
முடிவை வாசிக்கவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
பத்தொன்பது ஓட்டில் ஒப்பந்தம் நிறைவேறியது.
'நாம் வென்றோம்' என்றார் ட்ரெவர்.
அதையும் அப்படியே சொன்னேன்.

கார் நிறுத்துமிடத்தில்
கையுறையை உருவிக்கொண்டு யோகமலர் வந்தாள்.
'நான் இல்லை எண்டுதான் போட்டனான், அக்கா.'
ஏன் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
'நீங்கள் நாம் எண்டு சொன்னனீங்கள்.
எங்கட பக்கம் நாங்கள் எண்டாலே எல்லாரும்தான்.
நாம் எண்டு
மேடையில நிக்கிறவைதான் சொல்லுவினம்.
அதைக் கேட்டு நடந்த நடை
எனக்குக் காணும்.'

ஒரு சொல்லால் எத்தனை பேரைச் சாய்த்தேன்,
அதே சொல்லால் எத்தனை பேரை எழுப்பிவிட்டேன்?
கணக்குப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இரண்டு மணி நேரம் என்று எழுதினேன்,
பயணப்படி தனி.

மெல்பர்ன் திரும்பும் சாலையில்
வானொலியில் ஒரு வங்கி பேசியது.
அதே சொல்.
என் உதடு தானாகக் குவிந்தது.
நாமா நாங்களா என்று முடிவாகுமுன்
சீமோர் வந்துவிட்டது.